மடியில் கனம், இடுப்பில் கான்பூர்

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வரைப் போல மனசுக்கு நிறைவு தந்த பொருள் வேறொன்றை நான் வாங்கியதில்லை. லைசன்ஸ் கிடைத்தும் எதை வாங்குவது என்று திகைத்து நிற்கிற நகைக்கடைக்காரர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அவர் கேள்வியை முடிப்பதற்குள் என் பதில் வந்துவிடும். ஐ.ஓ.எஃப். (இந்திய ஆயுதத் தொழிற்சாலைகள்) ரிவால்வர். ஆறு குண்டு. மடக்கித் திறக்கிற மாடல். வேறு எதையும் பார்க்காதீர்கள்!

எனக்குத் திருக்கழுக்குன்றத்தில் சின்ன நகைக்கடை. வீடு மாமல்லபுரத்தில். பழைய நகையை உருக்கக் கொடுக்கவும் புது உருப்படி எடுக்கவும் சௌகார்பேட்டைக்குப் போய் வர வேண்டும். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் வேலை முடிந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். வாரக் கடைசி என்றால் ரிசார்ட்டுக்குப் போகிற வண்டிகளால் சாலை நிறைந்திருக்கும். மற்ற நாட்களில், முக்கியமாகத் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பிய பிறகு, முன்னால் ஒரு வண்டி விளக்கு தெரிந்தாலே ஆறுதலாக இருக்கும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று பெரியவர்கள் சொன்னது எங்கள் தொழிலுக்கென்றே சொன்னது. அந்தப் பயத்தோடு பல வருஷம் வண்டி ஓட்டியவன் நான். ஆகவே இந்தக் கட்டுரையில் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டால் அது நியாயமான உணர்ச்சி.

முதலில் லைசன்ஸ்

நம் நாட்டில் துப்பாக்கி வாங்குவது கடைக்குப் போய்ப் பணம் கட்டி எடுத்துவருகிற காரியம் இல்லை. அப்படி இல்லாததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் வகுத்திருக்கிற பாதை தெளிவானது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், எதற்காகத் தேவை என்பதற்கான ஆதாரம், மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்கு உரிமம் வழங்குகிறவர் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர். போலீஸ் விசாரணை அறிக்கை போன பிறகுதான் அவர் முடிவெடுப்பார். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் பேசியதைவிடப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் பேசியதுதான் அதிகம். நான் குடிப்பவனா, கோபக்காரனா, பங்காளித் தகராறு ஏதாவது உண்டா என்று ஒன்று விடாமல் கேட்டாராம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குத் துளியும் வருத்தம் வரவில்லை. தெருவே ஒருவனைப் பற்றி நல்லபடியாகச் சொன்ன பிறகுதான் அவன் கையில் ஆயுதம் போக வேண்டும். அந்தத் தெருவில் என் பிள்ளையும்தானே நடக்கிறாள்!

உரிமம் ஐந்து வருஷத்துக்கு. மூன்று வருஷமாக இருந்ததை 2019 திருத்தம் ஐந்தாக்கியது. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருஷச் சிறை. குறுக்கு வழியில் கிடைக்கிற நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

கடை மேஜையில் ஐந்து பெயர்கள்

உரிமம் கைக்கு வந்ததும் தொடங்கியது நிஜமான குழப்பம். சினிமாவில் பார்த்த 9 மி.மீ. பிஸ்டல் எதுவும் நமக்குக் கிடையாது. படையும் போலீசும் பயன்படுத்துகிற 9 மி.மீ., .38 போன்றவை தடை செய்யப்பட்ட குழல் அளவுகள். நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் .32, .22 என்ற அளவுகள்தான். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலேயே பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் வந்த வால்தரும் வெப்லியும் கைமாறிக் கைமாறி இன்று லட்சக்கணக்கில் விலை போகின்றன. பட்ஜெட்காரனுக்கு அந்தப் பக்கமே வேலை இல்லை.

சென்னையில் உரிமம் பெற்ற ஆயுதக் கடை ஒன்றில் ஒரு பெரியவர் எனக்காகப் பொறுமையாக நேரம் ஒதுக்கினார். “தம்பி, துப்பாக்கியைப் பார்க்காதே. உன் பழக்கத்தைப் பார். எதை நீ தினமும் எடுத்துத் துடைப்பாயோ அதை வாங்கு” என்றார். அந்த வாக்கியத்தை அவருக்காகவே கல்வெட்டில் பொறிக்கலாம்.

நிடர் என்ற .22 ரிவால்வர் முதலில் ஆசை காட்டியது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் படைப்பு. எடை வெறும் 250 கிராம், எட்டுக் குண்டு. அறிமுகமானபோது 35,000 ரூபாய் அளவில் பேசப்பட்டது. பட்ஜெட் என்ற சொல்லுக்கே பொருத்தமானதுதான். ஆனால் .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்பில் இருக்கிறது. நடுவில் தனியாகப் பிரைமர் வைத்த தோட்டாவின் நம்பகம் அதற்கு வராது. உயிர் போகிற நேரத்தில் எனக்கு அந்த நம்பகம் வேண்டும்.

அடுத்தது நிர்பீக். 2014-இல் கான்பூரிலிருந்து வந்தது, பெண்களின் கைப்பைக்கென்றே. டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம், ஆறு குண்டு. அறிமுக விலை 1,22,360 ரூபாய். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, அவ்வளவு அழகு. ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். முதன்முதலாகச் சுடக் கற்கிறவனுக்கு அதே தோட்டாவைக் கொஞ்சம் கனமான இரும்பில் சுடுவதுதான் கைக்கு இதம். விலையும் என் எல்லையைத் தொட்டுவிட்டது.

அசானி, .32 ஏ.சி.பி. தோட்டாவுக்கான பிஸ்டல். தட்டையானது, சட்டைக்குள் துருத்தாது, மேகசினில் எட்டுக் குண்டு. பழகியவர் கையில் அருமையான கருவி. ஆனால் பிஸ்டல் என்றால் மேகசின், ஸ்லைடு, சேஃப்டி என்று ஒவ்வொன்றையும் கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழக வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டோம், துப்பாக்கி காலி என்று நம்பி, சேம்பரில் தங்கிவிட்ட ஒற்றைக் குண்டால் நேர்ந்த விபத்துகள் உலகம் முழுக்க உண்டு. முதல் துப்பாக்கி அந்த மறதிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

கடைசியாகப் பிரபல். 2023 ஆகஸ்டில் கான்பூரின் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனம் வெளியிட்டது. பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிந்தபோது பிறந்தவற்றில் ஒன்று இது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இதன் கீழ்தான். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், அமெரிக்க ரிவால்வர்களில் இருக்கிறதே, அந்த மாதிரி. நல்ல முன்னேற்றம். பணம் தாராளமாக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நான் எடுத்தது இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. சாதாரண ஐ.ஓ.எஃப். .32 ரிவால்வர்!

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையோடு உலகம் சுற்றிய வெப்லி மார்க் 4 ரிவால்வரின் வழி வந்த வடிவம் இது. .38-க்குச் செய்ததை .32-க்குச் சுருக்கியிருக்கிறார்கள். எடை சுமார் 700 கிராம், குழல் சுமார் மூன்று அங்குலம். பின்பக்கத் தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் தள்ளி முன்பக்கம் மடக்கினால் துப்பாக்கி இரண்டாகத் திறக்கும். திறக்கிற வேகத்திலேயே நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற தகடு ஒன்று எழுந்து ஆறு கேஸ்களையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளும். அந்தக் காட்சி எனக்கு இன்றுவரை அலுக்கவே இல்லை!

இந்த வடிவத்தின் மேன்மை அதன் வெளிப்படைத்தன்மை. திறந்தால் ஆறு துளையும் கண்ணுக்கு நேரே. குண்டு இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. காலி என்றால் ஆறு துளை வழியாகவும் வெளிச்சம் தெரியும். ஒரு குண்டு வெடிக்காமல் போனால் இன்னொரு தடவை விசையை இழுத்தால் போதும், அடுத்த குண்டு முன்னால் வந்துவிடும். தட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம். கை நடுங்குகிற நேரத்தில் மனிதனுக்கு ஒரே ஒரு வேலையைத்தான் சரியாகச் செய்ய வரும். இந்தத் துப்பாக்கி அந்த ஒரே ஒரு வேலையைத்தான் கேட்கிறது.

“விசை ரொம்பக் கல்லு மாதிரி இருக்குங்க” என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆமாம், சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் விசையால் மட்டும் சுடுகிற டபுள் ஆக்‌ஷனில் இழுக்க நல்ல பலம் வேண்டும். நான் இதை நேசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இடுப்பில் வைத்துக்கொண்டு காரில் ஏறி இறங்கி, கடையில் குனிந்து நிமிர்ந்து திரிகிற மனுஷனுக்கு, தெரியாமல் இழுபடாத விசை ஒரு வரம். பலம் பழகப் பழக வந்துவிடும். வீட்டில் டம்மி ரவுண்டு போட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, முன்பக்கக் குறி அசையாமல் விசையை இழுக்கப் பழகினால் விரல் தானாக உரமேறும்.

தோட்டாவுக்கு வருவோம். .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்பது 1896-இல் பிறந்த தோட்டா. பழசு, வலு போதாது என்று உதட்டைச் சுழிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகெங்கும் வீரர்கள் விரும்பி எடுப்பது இதே தோட்டாவின் போட்டி வகையைத்தான். நம் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது அந்தப் பிரிவில். 2006 தோஹாவில் 590 புள்ளிகளோடு உலக சாதனையைச் சமன் செய்து மறுபடியும் தங்கம் வென்றதும் அதே பிரிவில். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபோது அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் இவர்தான். உதைப்பு குறைவு, குறி துல்லியம், சுட்ட பின் துப்பாக்கி உடனே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். புதிதாகக் கற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்குக் கிடைக்கிற ரவுண்டு புனே பக்கத்துக் கட்கி தொழிற்சாலையில் தயாராவது. அடியில் கே.எஃப். முத்திரை இருக்கும்.

முதல் ஆறு குண்டு

வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் காட்டி, துப்பாக்கி எண்ணை உரிமத்தில் பதிந்த பிறகு, ஒரு ரைபிள் கிளப்பின் சுடுதளத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். கோச் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். குண்டை எண்ணிக் கையில் கொடுப்பதற்கு முன் நான்கு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டது என்றே நினை. சுட விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி இலக்கில் நிற்கும்வரை விரல் விசைக்கு வெளியே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

“விரல் எங்கே சார்?”

“வெளியே, மாஸ்டர்.”

“குழல்?”

“முன்னாடி.”

“சரி, இப்ப மூச்சை விடுங்க. பாதி விட்டதும் இழுங்க.”

அந்த முதல் சத்தத்தை எப்படிச் சொல்வது! காதடைப்பான் போட்டிருந்தும் நெஞ்சுக்குள் ஒரு தட்டல். கைக்குள் உறுதியான, பயமுறுத்தாத ஓர் அசைவு. எதிரே அட்டையில் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு துளை. அடுத்த ஐந்தும் அதைச் சுற்றியே விழுந்தன. மடக்கித் திறந்ததும் ஆறு பித்தளைக் கேஸும் சலசலவென்று கொட்டின. நாற்பது வயதைத் தாண்டியவன் சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் முதுகில் தட்டி, “துப்பாக்கி உங்களுக்கு ஒத்துப்போச்சு” என்றார்.

அன்றிலிருந்து சுடுதளம் எனக்குத் தியானம் மாதிரி ஆகிவிட்டது. கடைக் கணக்கு, தங்கம் விலை, சீட்டுப் பணம் எதுவும் அங்கே மனதில் ஏறாது. முன்குறி, மூச்சு, விரல். அவ்வளவுதான். ஒரு பயிற்சிக்கு நான் செலவழிப்பது சில ரவுண்டுகள்தான், ஆனால் அந்த வாரம் முழுக்க நிதானம் கூடவே வருகிறது.

மறைத்து வைப்பதுதான் சட்டம்

அமெரிக்காவில் துப்பாக்கியை உடைக்குள் மறைத்துக்கொண்டு போகத் தனி அனுமதி கேட்கும் மாநிலங்கள் உண்டு, எந்த அனுமதியும் கேட்காத மாநிலங்களும் உண்டு. நம் 2016 விதிகள் இதை எவ்வளவு அழகாகத் தீர்த்திருக்கின்றன பாருங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில் உடலோடு சேர்ந்து இருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றுக்குள் இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். எப்போதும் அதைக் கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டுவது குற்றம். கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2019 முதல் சிறை உண்டு. அதாவது, கண்ணில் படாமல் வைத்திருப்பது நம் ஊரில் தந்திரம் இல்லை, கடமை.

செங்கல்பட்டு வெயிலில் அந்தக் கடமையை நிறைவேற்றுவது எப்படி? இங்கே கோட்டு போட முடியாது. நான் கண்டுகொண்ட வழி எளிது. ஒரு சுற்று பெரிய அரைக்கைச் சட்டை, கட்டம் போட்டதாகவோ பூப்போட்டதாகவோ, வெளியே விட்டபடி. பேன்ட்டுக்குத் தடித்த, மடங்காத பெல்ட். வேட்டி கட்டுகிற நாளில் துப்பாக்கி லாக்கரை விட்டு வெளியே வராது. உறை வலது இடுப்பில், கொஞ்சம் பின்வாக்கில், விசையை முழுக்க மூடியபடி. ரிவால்வரின் சிலிண்டர் தடிப்பு ஒரு விரல் அளவு துருத்தத்தான் செய்யும். தளர்ந்த சட்டை அதை விழுங்கிவிடும். உறை இல்லாமல் பேன்ட் பாக்கெட்டில் போடுவது, கார் டேஷ்போர்டில் வைப்பது, சீட்டுக்கு அடியில் சொருகுவது மூன்றும் கூடவே கூடாது. உறைக்குச் செலவு செய்யத் தயங்கவே தயங்காதீர்கள்.

கோயிலுக்குள் கொண்டுபோக மாட்டேன். கல்யாண வீட்டுக்கும் மாட்டேன். உரிமம் தமிழ்நாட்டு எல்லை வரைதான் என்பதால் திருப்பதி போகிற நாளிலும் அது லாக்கரில்தான்.

உப்புக் காற்றுக்கு ஒரு வார்த்தை

மாமல்லபுரத்தில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் கீல் எதையும் கடல் விட்டுவைப்பதில்லை. கறுப்புப் பூச்சு போட்ட எஃகுத் துப்பாக்கியை மட்டும் விடுமா? போதாக்குறைக்கு இடுப்பு வியர்வை. ஆனால் என் ரிவால்வரில் இன்றுவரை ஒரு பொட்டுத் துரு கிடையாது, பெருமையாகவே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் குண்டுகளை எடுத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மேலெல்லாம் ஒரு துடைப்பு. விரல் பட்ட இடம் எதுவும் எண்ணெய் படாமல் இருக்கக் கூடாது. சுட்டு வந்த நாளில் குழலுக்குள்ளும் ஆறு துளைக்குள்ளும் பிரஷ் விட்டுக் கரியெடுக்க வேண்டும். மடக்கித் திறக்கிற வடிவமாக இருப்பதால் குழலின் பின்பக்கத்திலிருந்தே பிரஷ்ஷை விடலாம். சுத்தம் செய்வதில் இதைவிட வசதியான கைத்துப்பாக்கி கிடையாது!

தோல் உறைக்குள் வைத்தபடி லாக்கரில் பூட்டக் கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் எஃகைத் தின்னும். உறை தனி, துப்பாக்கி தனி. லாக்கருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே வைத்திருக்கிற குண்டுகளில் பச்சைக் களிம்பு தெரிந்தால் சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்கிறேன்.

பட்ஜெட்டை எங்கே வைப்பது

முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கையிலிருக்கிற காசையெல்லாம் துப்பாக்கியிலேயே கொட்டிவிடுகிறார்கள். என் வழி வேறு. மொத்தப் பணத்தைப் பிரித்து, துப்பாக்கிக்கு ஒரு பங்கு, லாக்கருக்கு ஒரு பங்கு, உறை பெல்ட்டுக்கு ஒரு பங்கு, கிளப் சந்தாவுக்கும் பயிற்சி ரவுண்டுக்கும் பெரிய பங்கு என்று வைத்தேன். விலை குறைந்த மாடலை எடுத்ததால்தான் இது முடிந்தது. வரியையும் மறக்காதீர்கள். நான் வாங்கிய காலத்தில் கைத்துப்பாக்கிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். அடிப்படை விலை குறைவாக இருப்பதன் அருமை இப்போது இன்னும் கூடிவிட்டது.

லாக்கர் விஷயத்தில் என் மனைவி போட்ட நிபந்தனைகள்தான் எங்கள் வீட்டுச் சட்டம். “என்னங்க, துப்பாக்கி ஒரு பூட்டுல, குண்டு இன்னொரு பூட்டுல. பாப்பாவுக்கு சாவி இருக்கிற இடம் தெரியக்கூடாது. நீங்க கோபமா இருக்கிற நாள்ல நான் கேட்டா சாவியை என்கிட்ட குடுத்துடணும்.” மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன். உரிமம் தருகிற அதிகாரி கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்கு அது அருமையான ஏற்பாடு.

தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது, வாக்கு எண்ணியது ஜூன் 4. ஒப்படைப்பதற்கு முன் வழக்கத்தைவிடத் தடிமனாக எண்ணெய் பூசி, துணியில் சுற்றிக் கொடுத்து, எண் சரிபார்த்து ரசீது வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்தபோது கொடுத்தபடியே பளபளவென்று இருந்தது. எளிமையான எஃகுத் துப்பாக்கி இத்தனை மாத ஓய்வையும் தாங்கும்.

சுடாமல் இருப்பதற்காக

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. அவற்றை ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளிகூடக் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. நகை போனால் ஜுவல்லர்ஸ் பிளாக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. தங்கத்தை மறுபடி சம்பாதிக்கலாம். என் உயிருக்கோ கூட வருகிறவர் உயிருக்கோ வேறு வழியே இல்லாத ஒரு நொடிக்காக மட்டும்தான் இந்த ஆறு குண்டு.

ஆச்சரியம் என்னவென்றால், துப்பாக்கி வந்த பிறகுதான் நான் அதிக ஜாக்கிரதைக்காரன் ஆனேன். இருட்டுவதற்குள் கிளம்புகிறேன். ஒரே வழியில் தினமும் போவதில்லை. பின்னால் வருகிற வண்டியைக் கவனிக்கிறேன். ரோட்டில் யாராவது வம்புக்கு இழுத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்குகிறேன். இடுப்பில் இருப்பதன் பொறுப்பு தெரிந்தவனுக்குச் சண்டை போடுகிற உரிமை இல்லை. இந்தக் குணத்தையும் சேர்த்துத்தான் கான்பூர் எனக்கு விற்றது என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

ஆகவே, நியாயமான தேவை இருந்து, முறையாக விண்ணப்பித்து, உரிமத்தைக் கையில் வாங்கிவிட்ட நண்பர்களே, விலைப்பட்டியலின் அடியில் இருக்கிறதே என்று இந்தப் பழைய ரிவால்வரைக் கடந்து போய்விடாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு ஒரு தடவை கையில் எடுங்கள். மடக்கித் திறந்து ஆறு துளையையும் பாருங்கள். மிச்சமாகிற பணத்தில் நல்ல லாக்கர், நல்ல உறை, நல்ல மாஸ்டர் மூன்றையும் தேடிக்கொள்ளுங்கள். மாதம் தவறாமல் சுடுதளத்துக்குப் போங்கள். வேறு மாடல்கள் வரும், பளபளக்கும், விளம்பரமாகும். வரட்டும். முதல் துப்பாக்கி என்று ஒன்று வேண்டுமானால் இதுதான், இதுதான், இதுவேதான்!